ஈரச் சுவரை மூடாதீர்கள்



இரண்டு மாதமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "சார், உடம்பு நல்லா இருக்கா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், மகள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பழைய வண்டியின் சுவரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். முகமூடியும் கையுறையுமாக நான் நிற்கும் படத்தை மகள் போட, "ரிட்டயர் ஆன மனுஷனைக் கூலி வேலைக்கு விட்டுட்டாங்களே" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு ஓடியதாகவும் கேள்வி. அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதோடு எனக்குச் சொல்ல ஒரு கருத்தும் இருக்கிறது. பதிவு நீளம். தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வண்டி என்றால் மோட்டார் ஹோம். நம் ஊரில் சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் தெரியும் அல்லவா, அதன் சிற்றப்பா மகன். லாரி போன்ற முன்பகுதி, பின்னால் ஒரு சின்ன வீடு. அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் உள்ளேயே. ஓட்டுநர் தலைக்கு மேல் பரண் மாதிரி ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வாங்கியது 1978-இல் செய்த வண்டி. புதிதாக இப்படி ஒன்று வாங்க வேண்டுமானால் லட்சம் டாலருக்கு மேல் ஆகும். இதை ஆறாயிரம் டாலருக்கு வாங்கினார். "பழசுன்னாலும் என்ஜின் நல்லா இருக்கு மாமா" என்றார். என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. வண்டிக்குள் ஏறிய முதல் நாளே என் மனைவி மட்டும், "எலி வாடை அடிக்குது" என்றாள். நாங்கள் மூன்று பேரும் காதில் வாங்கவில்லை.

மே மாதக் கடைசியில் எல்லோரும் அதில் கிளம்பி, மக்கினாக் பாலம் தாண்டி, சுப்பீரியர் ஏரிக் கரைக்குப் போனோம். மே மாதம் என்றால் நமக்கு அக்னி நட்சத்திரம். அங்கே இரவில் மூன்று நான்கு டிகிரி குளிர். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனாலும் சுவரோரம் படுத்தவர்களுக்கு முதுகு சில்லிட்டது. மேல் படுக்கையில் ஏழு வயதுப் பேரன். நள்ளிரவில் மகள் என்னை எழுப்பினாள். "அப்பா, இவன் மூச்சு விடுற சத்தத்தைக் கேளுங்க." கேட்டேன். விசில் அடிப்பது போல் ஒரு சத்தம். அவனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நனைந்து, கறுப்புப் பூசணம் பூத்திருந்தது. சுவரைத் தொட்டால் கை ஈரமானது. மீதி இரவு முழுவதும் அவனை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். ஈரமும் பூசணமும் இருக்கும் இடத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வண்டியை விற்றுவிடலாம் என்றாள் மகள். மாப்பிள்ளை, "பழைய இன்சுலேஷனால வந்த வினை. சுவருக்குள்ள நுரை அடிச்சு அடைச்சிட்டா சரியாப் போயிடும்" என்றார். சுவரைத் திறந்து பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்றேன் நான். மூன்று பேருக்கும் மூன்று கருத்து. ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் பேச்சே குறைந்துபோனது.

கடைசியில் ஒரே ஒரு பலகையை மட்டும் கழற்றிப் பார்ப்பது என்று உடன்பாடு.

அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது மூன்று அடுக்கு. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு. நடுவே ஒன்றரை அங்குல மரச் சட்டங்கள், நம் ஆசாரிகள் ரீப்பர் கட்டை என்பார்களே, அந்த மாதிரி. சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி இழைப் பஞ்சு. உள்பக்கம் மெல்லிய பிளைவுட். அவ்வளவுதான் சுவர்.

மேல் படுக்கையின் ஓரப் பலகையைக் கழற்றியதும் பஞ்சு எங்கே என்று தேடினோம். இளஞ்சிவப்பாக இருந்திருக்க வேண்டியது, பழுப்பாகிச் சரிந்து அடியில் ஒரு கைப்பிடியாகக் கிடந்தது. மேல் பாதி வெறும் தகடு. சரிந்த பஞ்சுக்குள் எலி வளை. நாற்பது வருடப் புழுக்கையும் மூத்திரமும். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதும்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேனே, நினைவிருக்கிறதா? "கம்பளி சூடு தருமா?" பாதிப் பேர் தரும் என்பீர்கள். தராது. உங்கள் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும், அவ்வளவே. அதையும் கம்பளி நூல் செய்யவில்லை, நூலுக்குள் சிக்கிய அசையாத காற்று செய்கிறது. கண்ணாடி இழைப் பஞ்சும் அப்படித்தான். கண்ணாடி நல்ல காப்புப் பொருளே அல்ல. அதன் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் காப்பு.

இப்போது அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால்? காற்றைவிடத் தண்ணீர் வெப்பத்தை ஏறக்குறைய 24 மடங்கு நன்றாகக் கடத்தும். நனைந்த பஞ்சு என்பது பஞ்சு இல்லாததைவிட மோசம். அது மரத்தோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்துணி போல மரத்தை மாதக்கணக்கில் ஊற வைக்கும். சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

அசையாத காற்றின் சக்தி எவ்வளவு என்பதற்கு நம் சென்னையிலேயே சாட்சி நிற்கிறது. மெரினா கடற்கரை எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அது 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டிய கட்டடம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டியை, ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரியின் கம்பெனி கப்பலில் மரத்தூள் போட்டு மூடி, மாதக்கணக்கில் கடல் தாண்டிக் கொண்டுவந்தது. அவர் 1833-இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு முதன்முதல் அனுப்பியபோது ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. வெறும் மரத்தூள்! ஆனால் அந்தத் தூள் உலர்ந்திருக்க வேண்டும். உருகும் தண்ணீர் வடிந்து போக வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் மரத்தூளும் வெறும் சேறுதான். வண்டிச் சுவருக்கும் அதே விதிதான்.

ஆகவே என் கருத்து இது. இன்சுலேஷன் கெட்டது நோயல்ல, நோயின் அடையாளம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் பஞ்சை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றுவது போல. எவ்வளவு உயர்ந்த பொருளை உள்ளே வைத்தாலும் ஐந்து வருடத்தில் அதுவும் இதே கதிக்கு வரும்.

தண்ணீர் இரண்டு வழியாக வரும். ஒன்று வெளியிலிருந்து, மழையாக. இன்னொன்று உள்ளிருந்து, நம் மூச்சாக. இரண்டாவதைப் பலர் நம்புவதில்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு ஆள் இரவு முழுவதும் தூங்கும்போது மூச்சிலும் வியர்வையிலுமாக ஒரு டம்ளர் தண்ணீருக்குமேல் காற்றில் கலக்கிறார். நாங்கள் ஐந்து பேர். போதாததற்கு உள்ளே சமையல். புரொப்பேன் எரிந்தால் என்ன வரும்? கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். ஒரு மூலக்கூறு புரொப்பேனுக்கு நான்கு மூலக்கூறு தண்ணீர். 44 கிராம் எரிந்தால் 72 கிராம் தண்ணீர். அதாவது ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்குமேல் தண்ணீர்! ஹீட்டரின் புகை குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. ஆனால் மூடிய வண்டிக்குள் அடுப்பைப் பற்ற வைத்துக் குளிர் காய்கிறவர்கள் சுவருக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. அடுப்பை ஒருபோதும் ஹீட்டராகப் பயன்படுத்தாதீர்கள்.

உள்ளே 20 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 12 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் காற்றிலிருந்த ஈரம் துளியாகும். அந்த இரவில் அலுமினியத் தகடு நான்கு டிகிரியில் இருந்திருக்கும். பஞ்சு சரிந்த இடத்தில் உள்ளிருந்த காற்று நேராகத் தகட்டைத் தொட்டது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலச் சுவர் உள்ளுக்குள் வியர்த்தது.

மழை வழி வேறு. அது கறை மூலம் காட்டிக்கொடுக்கும். மூச்சால் வந்த ஈரம் பரவலாக, ஆணித் தலைகளைச் சுற்றி நிற்கும். மழைத் தண்ணீரோ மேலிருந்து கீழே கோடு போட்டு வழிந்திருக்கும். எங்கள் வண்டியில் மேல் படுக்கையின் முன் ஜன்னல் மூலையிலிருந்து பழுப்புக் கோடு ஒன்று. ரப்பர் குழாயால் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இணைப்பாகத் தண்ணீர் விட்டு, மாப்பிள்ளை வெளியே, நான் உள்ளே டார்ச்சுடன். கீழே விடும்போது ஒன்றுமில்லை. ஜன்னலின் மேல் சட்டத்துக்கு வந்ததும் நான்கு நிமிடத்தில் சொட்டியது. கூரை விளிம்பில் உள்ள சின்ன விளக்குகளிலும் அப்படியே. நாற்பது வருடத்துக்கு முன் வைத்த பட்டி காய்ந்து பிஸ்கட் போல உதிர்ந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் மாப்பிள்ளை நுரையை விடவில்லை. அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆசிரியனே அல்ல. மூடிய அறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரை, தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒரு அங்குலத்துக்கு ஆர் மதிப்பு ஆறுக்கு மேல். ஆர் மதிப்பு என்றால் வெப்பம் கடப்பதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதன் எண். கண்ணாடி இழைப் பஞ்சுக்கு அது மூன்று சொச்சம்தான். நுரை எல்லா இடுக்கிலும் புகுந்து ஒட்டும், சரியவே சரியாது. இரும்புத் தகட்டு வேன்களில் இதை அடித்துப் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆள் வந்து ஒரே நாளில் முடித்துவிடுவார். "ரெண்டு மாசம் எதுக்கு மாமா கஷ்டப்படணும்?" நியாயமான கேள்வி. அவருக்கு வருடத்தில் கிடைப்பதே மூன்று வார விடுமுறை.

நான் சொன்ன பதில் மூன்று.

முதலாவது, இது இரும்பு வேன் அல்ல, மரச்சட்டம். எங்காவது மறுபடி ஒழுகினால் நுரை தண்ணீரைக் குடிக்காது, உண்மை. ஆனால் மரம் குடிக்கும். நுரையால் மூடிய மரம் நனைந்தால் காய்வதற்கு வழியே இல்லை. வெளியே தெரியவும் தெரியாது.

இரண்டாவது, மெல்லிய தகட்டுக்கும் மெல்லிய பிளைவுட்டுக்கும் நடுவே அளவு தவறி நுரை பொங்கினால் சுவரே வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, அடித்தபின் திரும்பிப் போக முடியாது. கழற்றக்கூடிய எதையும் ஒட்டிப்போடாதே என்பது என் ஆய்வகத்தில் நான் காத்த சட்டம். சுவருக்குள் கம்பி ஓடுகிறது, குழாய் ஓடுகிறது. அவற்றை யார், எப்படிப் பார்ப்பது?

மூன்று பதிலும் அவரை அசைக்கவில்லை. ஆளுக்கு முன்பணம் அனுப்ப போனை எடுத்துவிட்டார். நான் வேறு எதுவும் சொல்லாமல் அடுத்த பலகையைக் கழற்றினேன். கூரை விளக்குக்குப் போகும் ஒயர், பேரன் தலை வைத்துப் படுக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி. இரண்டு அங்குல நீளத்துக்கு எலி தோலைக் கடித்துத் தின்றிருந்தது. செம்பு பளபளவென்று தெரிந்தது. பக்கத்தில் காய்ந்த எலிக்கூடு, காகிதமும் நூலும்.

பன்னிரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். கையைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரி கொடுக்கும் மின்னோட்டம் பெரிது. குறுக்குச் சுற்று ஏற்பட்டு ஃபியூஸ் சரியில்லாவிட்டால் ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். அதன்மேல் நுரையை அடித்து மூடியிருந்தால் அடுத்த நாற்பது வருடம் யாருக்கும் தெரிந்திருக்காது. அல்லது ஒரே இரவில் தெரிந்திருக்கும்.

மாப்பிள்ளை அந்த ஒயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பையில் போட்டார். "சரி மாமா, எல்லாத்தையும் பிரிச்சிடலாம்" என்றார். நான் ஜெயித்ததாக நினைக்கவில்லை. எனக்கும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

இனி பிரித்த விதம். உங்களில் யாராவது எந்த நாட்டிலாவது பழைய வண்டியோ வீட்டுப் பரணோ பிரிக்க நேர்ந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

எலி எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், வாக்குவம் கிளீனரும் போடாதீர்கள். அமெரிக்காவில் மான் எலி என்று ஒரு வகை, ஹான்டா வைரஸைச் சுமக்கும். 1993-இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பாலைவனப் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் திடீரென மூச்சுத் திணறி இறந்தபோதுதான் இந்த நோயை அங்கே கண்டுபிடித்தார்கள். காய்ந்த எச்சத் தூசியைச் சுவாசித்தால் தொற்றும். மிகவும் அரிது. ஆனால் நுரையீரல் வரை போனால் மூன்றில் ஒருவருக்குமேல் இறந்துவிடுகிறார்கள். ஆகவே அரை மணி நேரம் கதவுகளைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் வழித்துப் பையில் கட்டுங்கள். கையுறையும் நல்ல முகமூடியும் கட்டாயம். கண்ணாடி இழை அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை. பேரனை அந்தப் பக்கமே விடவில்லை.

ஹீட்டருக்குப் பின்னால் சாம்பல் நிற அட்டை ஒன்று இருந்தது. அனல் தாங்க அஸ்பெஸ்டாஸ் கலந்த அட்டை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அந்தப் பக்கம் கைவைக்காமல் காத்திருந்தோம். அஸ்பெஸ்டாஸ் இல்லை என்று முடிவு வந்தது. அந்த ஒரு வாரம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

உளுத்த சட்டங்களை அறுத்து, புது மரம் பொருத்தினோம். ஜன்னலை முழுதாகக் கழற்றி, பழைய பட்டியைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பூட்டினோம். மேலே சும்மா சிலிக்கோனைப் பூசி மூடியிருந்தார்கள், முன்னால் வைத்திருந்தவர்கள். மூன்று முறை பூசிய தடம் தெரிந்தது. அதாவது மூன்று பேர் ஒழுகலைப் பார்த்திருக்கிறார்கள், மூன்று பேரும் திறந்து பார்க்கவில்லை. பிறகு மறுபடி தண்ணீர் சோதனை. இரண்டு நல்ல மழை பெய்யும்வரை சுவரைத் திறந்தபடியே விட்டோம். ஒரு சொட்டு இல்லை.

அதன் பிறகுதான் இன்சுலேஷன். இங்கே நான் தோற்ற கதையையும் சொல்கிறேன். நான் தெர்மோகோல் வைக்கலாம் என்றேன். மலிவு, எடை இல்லை, நமக்குப் பழக்கம். மாப்பிள்ளைதான் சொன்னார், பி.வி.சி. தோல் போட்ட ஒயரைப் பாலிஸ்டைரீன் தொட்டுக்கொண்டே இருந்தால், தோலிலுள்ள மென்மையாக்கும் பொருள் நாளடைவில் தெர்மோகோலுக்குப் போய், தோல் இறுகி வெடிக்கும் என்று. முப்பத்து மூன்று வருடம் அறிவியல் நடத்தியவன், எனக்குத் தெரியாது. அடுத்து, பளபளக்கும் தாளைத் தகட்டோடு ஒட்டிவிடலாம் என்றேன். அதுவும் தப்பு. அந்தத் தாள் கதிர்வீச்சைத்தான் திருப்பும். எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அதற்கு வேலை. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் வெப்பக் கடத்தல் நடந்துவிடும், அது வெறும் அலங்காரம். இந்த இரண்டாவதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். இருந்தும் கடையில் பார்த்ததும் மறந்துபோனது.

கடைசியில் இரண்டு பேருக்கும் சம்மதமான வழி, பாலிஐசோ என்ற பலகை. இரு முகத்திலும் அலுமினியத் தாள் ஒட்டியது. ஒன்றரை அங்குலத்துக்கு ஆர் மதிப்பு ஒன்பதுக்குப் பக்கம், பழைய பஞ்சு புதிதாக இருந்தபோது இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடும் குளிரில் இதன் திறன் சற்றுக் குறையும், தெரிந்தேதான் வாங்கினோம். சட்டங்களுக்கு நடுவே கால் அங்குலம் சிறிதாக வெட்டி வைத்தோம். ஓர இடைவெளியில் மட்டும், ஜன்னலுக்கு அடிக்கும் மிதமாகப் பொங்கும் நுரையைக் குப்பியிலிருந்து மெல்லிய கோடாக அடித்தோம். ஆக, மாப்பிள்ளையின் நுரையும் வந்துவிட்டது, அளவாக. உள்முகத்தின் இணைப்புகளை அலுமினிய டேப்பால் ஒட்டினோம், மூச்சின் ஈரம் தகடு வரை போகாமல் இருக்க. ஒயர்களைப் புதிதாக இழுத்துக் குழாய்க்குள் விட்டு ஃபியூஸ் மாற்றினோம். பலகைகளை ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினோம். அடுத்தவர் திறக்க வேண்டுமே.

பொருள் செலவு ஏறக்குறைய 900 டாலர். இரண்டு மாதச் சனி ஞாயிறும், என் ஓய்வூதிய நேரமும் இலவசம்.

எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டங்களில் பாதிக்கு மேல் உளுத்திருந்தால், தரைப் பலகை மிதித்தால் அமுங்கினால், விட்டுவிடுங்கள். அது வண்டியல்ல, கடன். எங்களுடையதில் ஆறு சட்டங்கள்தான் போயிருந்தன. அது தெரிந்ததும் திறந்ததால்தான். விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கவும் முதலில் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மேலே வழுவழுப்பாக ஒரு தாளை ஒட்டி, திறந்தே பார்க்காமல் இன்னொருவர் தலையில் கட்டுவதைத்தான் தப்பு என்கிறேன். எங்கள் வண்டி அப்படித்தான் எங்களிடம் வந்தது. அந்த ஒயரும் அதற்குள்தான் இருந்தது.

நம் ஊர் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சொந்த வீடு கட்டியவர்கள் பலர் இருக்கிறீர்கள். மழைக்குப் பின் சுவரில் ஈரம் பூத்தால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுகிறீர்கள். அடுத்த ஐப்பசியில் பெயின்ட் கொப்பளித்து வருகிறது. பெயின்ட் கம்பெனியைத் திட்டுகிறீர்கள். மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் குழாய் இணைப்பில் கசிகிறது என்று பாருங்கள். அது அரை நாள் வேலை.

செப்டம்பர் கடைசியில் அதே ஏரிக் கரைக்கு மறுபடி போனோம். இரவு ஐந்து டிகிரி. கூரைக் காற்றுத் துளையை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தேன். "குளிருதுன்னு ஹீட்டர் போட்டுட்டு ஜன்னலையும் திறந்து வைக்கிறீங்களே" என்றாள் மனைவி. ஐந்து பேர் மூச்சு வெளியே போக வேண்டும், இன்சுலேஷன் எவ்வளவு நல்லதானாலும் அந்த வேலையை அது செய்யாது என்று விளக்கினேன். பாதியில் தூங்கிவிட்டாள். என் வகுப்பில் உங்களில் பலர் செய்ததுதான்.

இரவு மூன்று முறை எழுந்து பேரன் படுக்கையருகே சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் உலர்ந்தே இருந்தது. அவன் மூச்சு சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை போனபோது மாப்பிள்ளையும் டார்ச்சோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார். நானும் அவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. போய்ப் படுத்தோம்.

கூரைக்குள் இருக்கும் பஞ்சு இன்னும் பழையதுதான். அடுத்த கோடையில் அதையும் பிரிப்பதாகத் திட்டம். நவம்பரில் ஊருக்கு வருகிறேன். வீட்டில் ஈரச் சுவர் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், மாடிக்கு ஏறிச் சேர்ந்தே பார்ப்போம். காபி மட்டும் போட்டுத் தாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்